நீல விளக்கு மதர்போர்டு

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடைக்காரி இரண்டு மதர்போர்டுகளை எடுத்து மேசைமேல் அடுத்தடுத்து வைத்தாள்.

ஒன்றில் லட்சணம் என்று சொல்ல எதுவுமில்லை. மங்கிய சாம்பல் நிறம். பிராசஸர் உட்காரும் சதுரத்தைச் சுற்றி இரண்டு தடித்த அலுமினியக் கட்டிகள். மற்றதோ மேடையேறக் காத்திருக்கும் நடிகை மாதிரி இருந்தது. பளபளவென்று கறுப்பு மூடி. கரண்ட் கொடுத்தால் ஓரமெல்லாம் நீல வெளிச்சம் அலையலையாக ஓடுமாம்.

"ரெண்டுலயும் என் பிராசஸர் உக்காருமில்ல?" என்றான் டர்போ.

"உக்காரும். பிளாஸ்டிக் நாற்காலில யானைகூட உக்காரும். ஒரே ஒரு தடவை."

எதையும் அவசரமாகச் செய்கிறவன் என்பதால் டர்போ. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரை ஒட்டிவிட்டவளே இந்தக் கடைக்காரிதான். இப்போது அவன் விளம்பரங்களுக்குக் கார்ட்டூன் உருவங்களை அசைய வைக்கிறான். கம்ப்யூட்டர் ஒவ்வொரு காட்சியாக வரைந்து முடிக்கும்வரை கன்னத்தில் கைவைத்துக் காத்திருப்பது அவனுக்குச் சிறைத்தண்டனை. அதற்காகவே பதினாறு கோர், அதாவது பதினாறு மூளை கொண்ட பிராசஸர் ஒன்றை வாங்கியிருந்தான். அதன் வேகமும் போதவில்லை. செய்து விற்றவர்கள் சொன்ன வேகத்துக்கு மேலே அதை விரட்ட வேண்டும். ஓவர்க்ளாக் செய்ய வேண்டும்.

கடைக்காரி சாம்பல் போர்டின் மூலையை நகத்தால் தட்டினாள்.

"வேகத்தைக் கூட்டினா பிராசஸர் கரண்டை மடக்கு மடக்குனு குடிக்கும். ஊத்திக் குடுக்கறது பக்கத்துல இருக்கற இந்தச் சின்னச் சில்லுங்கதான். இதுல நெறைய இருக்கு, சூட்டை இழுக்க மேல கனமான அலுமினியமும் இருக்கு. இப்ப உன் அழகியைத் தட்டிப் பாரு."

தட்டினான். சோப்பு டப்பா மாதிரி சத்தம் வந்தது.

"வெறும் பிளாஸ்டிக். உள்ள சில்லும் கம்மி. அதுங்க எவ்வளவு சூடாகுதுன்னு காட்ட ஒரு சென்சார்கூட கிடையாது. செத்தப்புறம்தான் தெரியும்."

"சாவைப் பத்திப் பேசி வியாபாரம் பண்ற ஒரே ஆள் நீதான்டி. கம்ப்யூட்டருக்குக் கண்ணாடிப் பெட்டி வாங்கிட்டேன். அதுக்குள்ள இந்தச் சாம்பல் சனியனையா வைக்கறது?"

அவள் நீல விளக்கு போர்டை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

"தொலை. ஆனா மேல பெரிய ஃபேன் வெச்ச கூலர்தான் போடணும். அந்தக் காத்து பக்கத்துல இருக்கற சில்லுங்க மேலயும் அடிக்கும். தண்ணிக் கூலர் போட்டேன்னா பிராசஸர் மட்டும் குளுகுளுன்னு இருக்கும், பக்கத்துல இருக்கறது வெந்து போகும். புரியுதா?"

"என் தலைமேல சத்தியம்."

"அதுக்குள்ள ஏதாவது இருந்தா சத்தியம் பண்ணு."

வீட்டில் கம்ப்யூட்டர் வைக்க ஒரே இடம்தான் இருந்தது. மாமனார் படுத்திருந்த அறை. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறிக் காலை முறித்துக்கொண்டு கட்டிலோடு கிடந்தார் அவர். அதற்கு முன்பே ஒரு காய்ச்சலில் மூக்கும் போயிருந்தது. பால் பொங்கி அடிப்பிடித்தாலும் அவருக்குத் தெரியாது. நாக்கு மட்டும் பழுதில்லாமல் இருந்தது.

"மாப்பிள்ளை, உங்க பெட்டி எப்பப் பறக்கப் போகுது? சொன்னீங்கன்னா நானும் ஏறிக்குவேன்."

உண்மையில் அந்த ஃபேன் போட்ட இரைச்சலில் ஹெலிகாப்டர் தோற்றுப்போகும்.

"அப்பாவுக்குத் தூக்கமே இல்லைங்க. ஏதாவது பண்ணுங்க" என்றாள் மனைவி.

சத்தியம் நினைவுக்கு வராமலில்லை. ஆனால் தனக்காகவா மீறுகிறோம், மாமனாருக்காகத்தானே என்று டர்போ சமாதானம் செய்துகொண்டான். தண்ணிக் கூலர் வந்தது. இரைச்சல் அடங்கியது. திரையில் பிராசஸரின் சூடும் மளமளவென்று இறங்கியது. அதைப் பார்த்ததும் அவன் கை சும்மா இருக்குமா? பதினாறு கோர்களின் வேகத்தையும் இன்னும் ஏற்றினான். பெட்டியின் கண்ணாடியைக் கழற்றி வைத்து, தலைக்குமேல் மின்விசிறி சுழல, சோதனை ஓட்டம் விட்டான். ஒரு குறையும் தெரியவில்லை. திருப்தியோடு கண்ணாடியை மூடி, பெட்டியை மேசைமேல் ஏற்றினான்.

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் இருந்தது மேசை.

மறுநாள் காலை மனைவி வேலைக்குக் கிளம்பினாள். டர்போ முழு விளம்பரத்தையும் கம்ப்யூட்டர் வரைந்து முடிக்கட்டும் என்று ரெண்டருக்குப் போட்டுவிட்டு, ஒரு கேபிள் வாங்கக் கடைக்குப் போனான். கேபிள் ஒரு சாக்குதான். பீற்றிக்கொள்ள வேண்டும்.

"பாரு! அத்தனை கோரும் பறக்குது. பிராசஸர் சூடு வெறும் ஐம்பத்தெட்டு!" என்று பெட்டியும் திரையும் சேர்ந்து தெரியும் படத்தைப் போனில் நீட்டினான்.

கடைக்காரி எண்ணைப் பார்க்கவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள்.

"ஃபேன் எங்கடா?"

அவன் போனைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அவள் குனிந்து ஒரு இழுப்பறையைத் திறந்தாள். வெளியே வந்தது இன்னொரு நீல விளக்கு போர்டு. அதே கறுப்பு மூடி. ஆனால் ஒரு மூலை உருகி வழிந்து, நடுவில் கருகிய ஓட்டை விழுந்திருந்தது.

"நேத்து வந்தது. இதோட சொந்தக்காரரும் இதே மாதிரி ஒரு படம்தான் காட்டினார். அவரோட பிராசஸர் இன்னிக்கும் நல்லா வேலை செய்யுது." அவள் குரல் தாழ்ந்தது. "வீட்ல யாரு இருக்கா?"

டர்போவின் விரல் அதற்குள் எண்ணை அழுத்தியிருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மாமனார் எடுத்தார்.

"மாமா! ரூம்ல ஏதாவது கருகின வாசனை..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"கிண்டலா மாப்பிள்ளை? எனக்கு ரோஜாவும் சாக்கடையும் ஒண்ணுதான்."

"புகை? புகை ஏதாவது தெரியுதா?"

"மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டுப் படுத்திருக்கேன். உலகமே புகைதான்." லேசாக இருமினார். "ஆனா ஒண்ணு, உங்க பெட்டி இன்னிக்கு அம்சமா இருக்கு. நேத்து வரைக்கும் நீலம்தானே ஓடிச்சு? இப்ப நடுவுல ஆரஞ்சும் சேர்ந்து ஆடுது. எப்படிப் பண்ணீங்க?"

டர்போ வைத்தது நீலம் மட்டும்தான்.

கடைக்காரி தன் போனில் தீயணைப்பு நிலையத்துக்கு அவன் வீட்டு முகவரியைச் சொல்லிக்கொண்டே அவனைத் தெருவுக்குத் தள்ளினாள். அவன் ஓடத் தொடங்கியிருந்தான். போன் காதிலேயே இருந்தது.

"மாமா, நான் சொல்றதைக் கேளுங்க. கட்டில் பக்கத்துல உங்க ஊன்றுகோல் இருக்கு. அதை நீட்டிக் கம்ப்யூட்டர் வயரை இழுங்க. பிளக் கழண்டு வரணும். இப்பவே!"

"வேலை நடக்குதே மாப்பிள்ளை, கெட்டுப்போகாதா?"

"இழுங்க மாமா!"

கட்டில் கிறீச்சிட்டது. கம்பு எதிலோ மோதியது. இருமல், நீளமாக. பிறகு ஏதோ கழன்று தரையில் விழும் சத்தம்.

"வந்துடுச்சு" என்றார் மூச்சிரைக்க.

"லைட்டெல்லாம் அணைஞ்சிடுச்சா?"

இத்தனை நாளில் முதல் தடவையாக அந்தக் குரலில் கிண்டல் இல்லை.

"நீலமெல்லாம் போயிடுச்சு மாப்பிள்ளை. ஆரஞ்சு மட்டும் அணையல." மறுபடி இருமல். "அது மேசையைப் பிடிச்சிடுச்சு. நான் எந்தப் பக்கமாக் கதவுக்குப் போறது?"