நாலாவது ஆள்

மூன்று பேராக வெளிக்கிட்டால் போன காரியம் உருப்படாது என்பது மங்கையற்கரசியின் கட்சி. அதனால் தாங்கள் குடியிருக்கும் டோர்செட் பார்க் அடுக்குமாடியின் பூப்பாத்தியிலிருந்து தேங்காயளவு கல்லொன்றைத் தூக்கிவந்து, திருநீறு பூசி, வான் வண்டியின் பின் சீற்றில் இருத்தி, பெல்ற்றும் போட்டுவிட்டாள். நாலாவது ஆள் ரெடி.

"அம்மா, சீரியஸ்லி?" என்றாள் மகள் துஷானி. அவளுக்கு வடக்கே நாலைந்து மணித்தியால ஓட்டத்தில் இருக்கும் சட்பரியில் நேர்ஸ் வேலை கிடைத்திருந்தது. அவளையும் அவளுடைய பெட்டி படுக்கையையும் கொண்டுபோய் விடத்தான் இந்தப் பயணம்.

கணவர் கோணேஸ்வரனுக்குக் கல்லைப் பற்றிக் கவலையில்லை. அவருடைய உயிரெல்லாம் அந்தப் பத்தொன்பது வயது வானில் இருந்தது. முதல்நாளே மனைவி தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

"வழியில ஒருக்கா உந்த வான் நிண்டுதெண்டால், திரும்பி வந்த கையோட ஸ்கிராப்புக்குக் குடுக்கிறது. சொல்லிப்போட்டன்."

துஷானியை முதன்முதல் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன வான். அதை நசுக்கி இரும்பாக்குவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பாரி நகரத்தைத் தாண்டுமுன்னே சூடு காட்டும் முள் மேலே ஏறியது. "ரீ ஒண்டு குடிப்பம்," என்று கடையொன்றில் திருப்பினார். தாயும் மகளும் வரிசையில் நின்ற நேரத்தில் எஞ்சினை ஆறவிட்டு, கூலன்ற் ஊற்றி, பொனற்றை மூடிவிட்டு, பச்சைப்பிள்ளை மாதிரி வந்து ஆறிப்போன ரீயைக் குடித்தார்.

பரி சவுண்ட் என்ற ஊருக்குக் கிட்ட சைலன்சர் கழன்று றோட்டில் இழுபட்டது.

"என்ன சத்தமப்பா?" என்றாள் மங்கையற்கரசி.

"றோட்டைக் கிண்டி வைச்சிருக்கிறாங்கள். அங்க பாரும், வாவி என்ன வடிவு! இறங்கிப் படம் எடும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனாலும் அவர் வானுக்கடியில் படுத்து, உடுப்புக் கொழுவும் கம்பியால் சைலன்சரைக் கட்டி முடிக்கும்வரை மங்கையற்கரசி வாவியையே படமெடுத்துக்கொண்டிருந்தாள். ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

சட்பரிக்கு ஒரு மணித்தியாலம் இருக்கையில், ஏற்றமொன்றில் பின் ரயர் வெடித்தது. ரீக்கடையும் இல்லை, வாவியும் இல்லை. இரண்டு பக்கமும் பாறையும் பைன் மரமும்தான். பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லோரையும் இறக்கிவிட்டு ஜாக்கை எடுத்தார். பதற்றத்தில் கியரைப் பார்க்கில் போட மறந்திருந்தார். ஹான்ட் பிறேக்கும் கையை விரித்துவிட்டது. வான் மெல்லப் பின்னுக்கு உருளத் தொடங்கியது. கோணேஸ்வரன் கதவைப் பிடித்து இழுத்தார். அவருக்கெல்லாம் அது அடங்குமா?

"கல்லு! கல்லை எடு பிள்ளை!" மங்கையற்கரசி கத்தினாள்.

துஷானி பெல்ற்றைக் கழற்றி, கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து சில்லுக்குப் பின்னால் போட்டாள். வான் அதில் முட்டி நின்றது. கோணேஸ்வரன் பாய்ந்து ஏறிக் கியரைப் போட்டார்.

ஸ்பெயர் சில்லைப் பூட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் போனார்.

"இஞ்சரும், சொன்னது சொன்னதுதான். வான் நிண்டிட்டுது."

மங்கையற்கரசி கல்லின் மண்ணைத் தட்டி, திரும்பவும் சீற்றில் இருத்திப் பெல்ற்றைப் போட்டாள்.

"வான் எங்கயப்பா நிண்டது? அது ஓடத்தானே பாத்தது. இவரெல்லோ பிடிச்சு நிப்பாட்டினவர்."

கோணேஸ்வரன் திரும்பிச் சீற்றிலிருந்த கல்லைப் பார்த்தார்.

"ஏறுங்கோ," என்றாள். "இனி வாவி பாக்க வேணுமெண்டால் முதலே சொல்லுங்கோ. கம்பி நான் பிடிக்கிறன்."