கோட்டுக்குள் இரண்டு வளையம்

கறையைக் கண்டுபிடிப்பதில் சண்முகவடிவுக்கு ஒரு கர்வம் உண்டு. தி.நகரில் ஜவுளிக்கடை நடத்துகிறவன் பெண்டாட்டிக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? வாழைக்கறையா, வெற்றிலைக்கறையா, துருவா என்று மூக்கருகே கொண்டுபோனதுமே சொல்லிவிடுவாள். அதனால்தான் நாத்தனார் மகள் அனுப்ரியா ஒரு கறுப்புக் கோட்டைப் பையில் சுருட்டிக்கொண்டு, கார்த்திகை மழையில் பாதி நனைந்து வந்து நின்றாள். அவள் புதிதாக வக்கீலாகப் பதிவு செய்திருக்கிறாள். கோட்டு மட்டும் புதிதல்ல.

"செகண்ட் ஹேண்ட், அத்தை. வெளிய ஒண்ணும் தெரியல. உள்ளதான் அசிங்கமா இருக்கு. டிரை வாஷ் குடுத்தும் போகல."

சண்முகவடிவு கோட்டைத் திருப்பி விரித்தாள். சாம்பல் நிற லைனிங்கில், மார்பு வரும் இடத்தில், வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாகப் பழுப்பாக இரண்டு வளையம். நடுவில் மட்டும் துணி சுத்தமாக இருந்தது.

"டீ கிளாஸ் வெச்சிருப்பாங்களோ, அத்தை?"

"கோட்டுக்குள்ள டீ கிளாஸ் வைக்க அது என்ன டீக்கடை பெஞ்சாட்டி? யாரு குடுத்தா இத?"

அனுப்ரியா வாசலைப் பார்த்தாள். மாமா தனபாலன் கடையிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. இருந்தும் குரலைத் தாழ்த்தினாள். "மதி அக்கா."

அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி வருஷக்கணக்காகிவிட்டது. மகள் மதுமதி தன்னோடு வேலை பார்த்த வக்கீல் தௌஃபீக்கைக் கல்யாணம் செய்துகொண்ட அன்றே தனபாலன் சட்டம் போட்டுவிட்டார். அவள் படம் கூடாது, பேச்சு கூடாது, அந்தச் சம்பந்திகள் கறுப்பா சிவப்பா என்றுகூடப் பார்க்கக் கூடாது. யாராவது கேட்டால் நமக்குச் சுரேஷ்குமார் ஒருத்தன்தான். சண்முகவடிவு முதலில் அழுதாள், பிறகு தலையாட்டினாள், அப்புறம் பழகிவிட்டாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று ஊரில் சொல்வார்கள். இந்த வீட்டில் கல்லாக இருந்தது எந்த மனம் என்று ஊர்தான் சொல்ல வேண்டும்.

"நல்லா இருக்காளாட்டி?" கேட்டுவிட்டுத் தன் குரலுக்குத் தானே பயந்தாள்.

"நல்லா இருக்கேன்னுதான் சொன்னாங்க. ஆனா கோர்ட்டுக்கு வர்றத நிறுத்திட்டாங்க. ஏன்னு கேட்டா சிரிக்கிறாங்க."

சண்முகவடிவு கோட்டை முகத்தோடு சேர்த்துக்கொண்டாள். கறை பார்க்க அல்ல, மகள் வாசம் ஏதாவது மிச்சம் இருக்காதா என்றுதான். சலவைக்கடை மருந்து நெடிதான் வந்தது. விரல் மட்டும் பழக்கதோஷத்தில் தையலைத் தடவிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்றது. தையல் இடுக்கில் சிக்கியிருந்ததை நகத்தால் இழுத்தாள். காய்ந்துபோன வாழைநார். பூக்கட்டும் நார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

பிள்ளை செத்துப்போன தாய்க்குப் பால் கட்டிக்கொண்டால், அது வற்றட்டும் என்று மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது எல்லா ஊரிலும் உண்டு. மற்றவர்கள் உதிரிப்பூவைப் பரப்பிக் கட்டுவார்கள். தென்காசிப் பக்கம் அவள் பிறந்த வீட்டில் மட்டும், தொடுத்த சரத்தைச் சும்மாடு போல வளைத்து, முலைக்காம்பில் படாமல் நடுவை விட்டு, மெல்லிய மல் துணியால் இறுக்குவார்கள். அவளுக்கே ஒரு தடவை கட்டியிருக்கிறது, சுரேஷுக்கு முன்னால் பிறந்து செத்த பிள்ளைக்கு. சென்னைக்கு வந்தபிறகு அதை அவள் ஒரே ஒருத்திக்குத்தான் சொல்லிக் கொடுத்தாள். யாருக்கு என்பது நினைவுக்கு வந்ததும் அனுப்ரியா பக்கம் திரும்பினாள்.

"அனு, அவ மாமியாரு காலை லேசா இழுத்து நடப்பாங்களா?"

"ஆமா. நஸ்ருன்னிசாம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

போன ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், சண்முகவடிவும் கடையில் நின்ற ஒரு நாள், புர்கா போட்ட ஒரு பெண் காலை இழுத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். ஆளுக்கொரு சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, அவள் மல் துணி கேட்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, மருமகளுக்குப் பிள்ளை தங்கவில்லை, பால் கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடிக்கிறது, பூ கட்டுவார்களாமே, எப்படி என்றாள். ஊருக்கு உபதேசம் என்றால் சண்முகவடிவு ஒரு படி மேலே நிற்பாள். துணியை மடித்துக் காட்டி, வளையம் போட்டுக் காட்டி, விலாவாரியாகச் சொன்னாள். "போனது போவுது, அடுத்தது தங்கும்னு சொல்லுங்க. அவ அம்மா வந்து பாக்கலியா?" என்றும் கேட்டுவைத்தாள். அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு, "உங்களுக்கு எத்தினி புள்ளைங்கம்மா?" என்றாள்.

"ஒரே பையன்தான்" என்று சொல்லி, சண்முகவடிவு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

பெற்றவளே தனக்குப் பெண்ணில்லை என்று சொன்னதைச் சுமந்துகொண்டு அந்த மனுஷி, மதி குடியிருக்கும் ஆதம்பாக்கம் வரைக்கும் போயிருக்கிறாள். வீட்டில் போய் என்ன சொன்னாள்? மதிக்கு அது தெரியுமா? தெரிந்திருந்தால் இந்த ஜென்மத்தில் மகள் முகத்தில் விழிக்க முடியாது. தெரிந்துகொள்ளாமலும் இனி ஒரு வாய்ச் சோறு இறங்காது.

"ஃபோனைப் போடுட்டி."

"மாமா வந்துடுவாரு, அத்தை."

"போடுன்னேன்."

எடுத்தது மதியில்லை. "மதி மாடில துணி எடுத்துக்கினு கீது. இன்னா வேணும்?" என்றது ஆடியில் கேட்ட அதே குரல்.

"நான்தான்... ஜவுளிக்கடையில..."

"தெர்தும்மா. கொரல் நெனப்பு கீது."

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தாம்மா வந்தேன். எங்கம்மா வளையம் போட்டுக் கட்டுவாங்க, அவங்களக் கேளுங்கன்னு மதிதான் அனுப்புச்சு. ஒரே பையன்னு சொல்லிட்டீங்க. அப்பால இன்னான்னு சொல்றது?" சண்டைக்காரக் குரலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். அது அசதியான குரலாக இருந்தது. "நானே கட்டிவுட்டேன். ஊட்ல தொட்டில் கீது, இங்க இருக்க முடியலன்னு கட்டோடயே கோட்டு மாட்டிக்கினு கோர்ட்டுக்குப் போச்சு. ஒரு வாரம் போச்சு. அப்பால எங்கியும் போவல."

சண்முகவடிவு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "நான் சொன்னத... அந்த வார்த்தைய அவகிட்ட..."

"பூவைப் பத்தி மட்டுந்தாம்மா சொன்னேன்."

அந்த மனுஷி திட்டியிருக்கலாம். நல்லதுக்கு ஒரு எல்லை வேண்டாமா என்று சண்முகவடிவுக்குக் கோபம்கூட வந்தது. வெளியே தனபாலனின் வண்டி வந்து நின்றது. கேட்டைத் தள்ளும் சத்தம் கேட்டது. அனுப்ரியா ஃபோனுக்குக் கை நீட்டினாள். சண்முகவடிவு கொடுக்கவில்லை.

"மதி வந்துடுச்சு. குடுக்கட்டா?"

"குடுங்க."

"யாரு?" என்றது மகளின் குரல்.

அம்மா என்று சொல்ல வாய் எழவில்லை. எந்த வாயால் சொல்வது? தனபாலன் நனைந்த குடையை மடக்கியபடி வாசலில் நின்று, அவள் மடியிலிருந்த கோட்டைப் பார்த்தார். சண்முகவடிவு அவரைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

"நின்னுச்சாட்டி?"

அந்தப் பக்கம் துணி வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"பால் நின்னுடுச்சும்மா" என்றாள் மதி.