ஒன்பதாவது தூணின் படம்

"அக்கா, தூங்கிட்டியா?"

"ஆமா, நல்ல தூக்கம். என்னடி?"

"பெரிய தப்பு பண்ணிட்டேன். அப்பாவுக்கு வேலையே போயிடும்."

அக்கா போர்வையை விலக்கினாள். மணி பன்னிரண்டரை.

அப்பா கட்டட மேஸ்திரி. முன்பெல்லாம் இன்ஜினியர் நேரில் வந்து கம்பியைப் பார்ப்பார். இப்போது எல்லாம் கம்பெனி கொடுத்த போனில் ஓர் ஆப்தான். கம்பி கட்டி முடித்ததும் ஒவ்வொரு தூணையும் படம் பிடித்து ஏற்ற வேண்டும். எல்லாப் படமும் ஏறினால் பச்சை விழும். கான்கிரீட் லாரிக்குத் தானாகவே ஆர்டர் போய்விடும். சிமெண்டில் வெடித்த அப்பாவின் விரல்களை அந்தப் போன் மதிப்பதே இல்லை. அதனால் தினமும் ஏற்றுவது நான். கம்பெனிக்கு இது தெரியாது.

இன்று, "இருக்கறத ஏத்திடும்மா" என்று சொல்லிவிட்டு அப்பா படுத்துவிட்டார். பத்துத் தூணுக்கு ஒன்பது படம்தான் இருந்தது. பத்தும் இல்லாமல் பக்கம் நகரவில்லை. எல்லாத் தூணும் ஒரே மாதிரிதானே என்று எட்டாவதின் படத்தையே ஒன்பதுக்கும் போட்டேன். பச்சை விழுந்தது. சார்ஜில் போடும்போதுதான் போன் கவருக்குள் அப்பா எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்தேன்: 'ஒன்பது, பாதி கம்பி கட்டலை.'

"அப்பா காலைல பார்த்து நிறுத்திடுவாருடி."

"நாளைக்கு அவருக்கு லீவுக்கா. ஆறு மணிக்கு லாரி. வேற ஆளு பச்சையப் பார்த்து ஊத்திடுவாங்க."

"அப்போ எழுப்பு."

"நீ எழுப்பேன்."

"தப்பு உன்னுது, குறட்டைய நான் நிறுத்தணுமா?"

எழுப்பினேன். அப்பா உட்கார்ந்து முழுவதும் கேட்டார். திட்டவில்லை. இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

"சார், ஒன்பதாவது தூண் முடியல. பச்சை தப்பா விழுந்திருக்கு... நான் போடல சார். எனக்கு அது வராது. தெனமும் என் பொண்ணுதான் போடுறா."

மறுமுனைக் குரல் கேட்டது. "ஏன் மேஸ்திரி இத்தனை நாளா சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு சார்."



"லாரிய நிறுத்திடறேன். 'வேலை முடியல'ன்னு சொல்ல அந்த ஆப்புல ஒரு எடம்கூட வைக்காம விட்டிருக்கோம். காலைல ஆஃபீஸுக்கு வாங்க. பொண்ணையும் கூட்டிட்டு வாங்க."

அப்பா போனை வைத்தார்.

"வேலை போயிடுமாப்பா?"

"தெரியலம்மா. போனா பார்த்துக்கலாம். அந்தத் தூணு மேல நாலு மாடி நிக்கணும்."

அழுதுவிட்டேன். அப்பா என் தலையில் கைவைத்தார்.

"எட்டும் ஒன்பதும் ஒண்ணுங்கறவளுக்குக் கணக்குல எவன் மார்க் போடறான்?"

போர்வைக்குள் அக்கா குலுங்கிச் சிரித்தாள்.