கூரையில் குடியிருந்த மாமியார்

தராசு பழுதுபார்ப்பவரின் அம்மா முப்பத்தோரு வருடங்களாகக் கூரையில் வசித்துவந்தார். அவருடைய பாதுகாப்பு கருதி அந்த வீட்டில் மின்விசிறி மாட்டவில்லை. வெயில் காலத்தில் அது பற்றி மட்டும் கொஞ்சம் முணுமுணுப்பு எழும். மற்றபடி சாப்பாட்டுத் தட்டைக் கம்பில் கட்டி நீட்டினால் வாங்கிக்கொள்வார். அந்தக் குடும்பத்தின் வழக்கம் அப்படி. ஆண் குழந்தை பிறந்த நாற்பதாம் நாள், உத்தரத்தில் தொங்கும் பெரிய தராசின் ஒரு தட்டில் தாயை உட்காரவைத்து, மறு தட்டில் பிள்ளையைக் கிடத்துவார்கள். தாயின் எடை முழுவதும் மெல்லப் பிள்ளைக்குப் போய்விடும். பிள்ளை நாலு பேர் மதிக்கும்படி கனத்துக் கிடப்பான். தாய் மிதந்து கூரைக்குப் போய்விடுவாள். அதன் பிறகு அவளால் அவனைத் தூக்க முடியாது. தூக்குவதற்கு இரண்டு கூலியாட்கள் கிடைத்ததால் யாரும் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

மருமகளுக்கு வந்த புதிதில் அண்ணாந்து பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்டது.

"மேல எப்படி இருக்கு அத்தை?"

"தூசிதான். உன் புருஷன் வழுக்கை நல்லாத் தெரியுது."

"அவரை எத்தனை நாள் தூக்கி வச்சிருந்தீங்க?"

"முப்பத்தொம்பது நாள்," என்று சொல்லிவிட்டு மாமியார் ஜன்னல் பக்கம் மிதந்துபோனார்.

அடுத்த வருடம் மருமகளுக்கு மகன் பிறந்தான். முப்பத்தொன்பது நாட்களும் அவள் அவனைத் தொட்டிலில் போடவே இல்லை. நாற்பதாம் நாள் காலை புருஷன் தட்டுகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"தராசைச் சோதிச்சீங்களா?"

"இது நம்ம வீட்டுத் தராசு."

"ஊரான் தராசுன்னா சோதிக்காம விடமாட்டீங்க. இதுக்கு மட்டும் என்ன செல்லம்?"

தொழிலைத் தொட்டுப் பேசினால் அவருக்குப் பொறுக்காது. ஒரு தட்டில் ஏறி உட்கார்ந்தார், உத்தரம் முனகியது. மறு தட்டுக்கு ஆள் தேடித் திரும்புவதற்குள் அம்மா சங்கிலியைப் பிடித்து இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"நீ எதுக்கும்மா?"

"சோதனைக்குத்தான்டா. சும்மா உக்காரு."

மகன் எழப் பார்த்தார். அதற்குள் எடை அம்மா பக்கம் நகர்ந்து, அவர் தட்டு தரையை விட்டுக் கிளம்பியிருந்தது. முள் நடுவுக்கு வந்ததும், "எனக்குப் பாதி போதும்," என்று அம்மா இறங்கிக்கொண்டார். இருவரும் தரைக்கு நாலு விரல் மேலே நின்றார்கள். சொந்தமாக எடை எதுவும் மகன் சேர்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

என்றாலும் தொழிலில் அவர் நேர்மையானவர். ஏற்றிய எடை ஏற்றிய தட்டிலேயே நிற்காத தராசு பழுதான தராசு. சிவப்புச் சீட்டு கட்டி, கழற்றிக் கடைக்கு அனுப்பிவிட்டார். அது இன்னும் பழுதுபார்க்கப்படவில்லை. உதிரி பாகம் கிடைக்கவில்லை என்கிறார்.

மருமகள் பிள்ளையை மாமியாரிடம் நீட்டினாள். மூன்றரைக் கிலோ. கையில் வாங்கியதும் மாமியாரின் இரண்டு பாதங்களும் முழுசாகத் தரையில் பதிந்தன. தரை சில்லென்று இருப்பதாகச் சொன்னார்.

இப்போதெல்லாம் வீட்டில் பேரனைத் தூக்கிவைத்துக்கொள்வது அவர் வேலை. தராசு பழுதுபார்ப்பவர் தன் முறைக்காகக் காத்திருக்கிறார்.