பன்னிரண்டு வாழைப்பழமும் ஒரு கிண்ணமும்

கதவைத் திறந்ததும் மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய பாத்திர அலமாரியைக் குடைந்து பழம் உலர்த்தும் பெட்டி செய்திருந்தார். அடியில் இரண்டு குண்டு பல்பு, முதுகில் பழைய கம்ப்யூட்டரின் காற்றாடி, நடுவே ஜன்னல் கொசுவலையைக் கிழித்து அடித்த ஐந்து தட்டுகள். வலை போன ஜன்னல் வழியாக வீட்டுக் கொசுக்கள் வெளியூர்ச் சொந்தங்களையெல்லாம் விருந்துக்கு அழைத்துவிட்டன. பெட்டிக் கதவில், திறந்தால் அடிக்க ஒரு லிஃப்ட் மணி. எந்த ராஜாவின் கஜானாவுக்கும் இப்படியொரு காவல் கிடையாது என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பன்னிரண்டு வாழைப்பழம் வில்லை வில்லையாக நேற்றுக் காலை உள்ளே போனது. இன்று பார்வையிட மச்சானை வரவழைத்திருந்தார்.

தட்டுகள் ஐந்தும் காலி.

"அத்தான், பழத்தைக் காயவச்சீங்களா, ஆவியாக்கிட்டீங்களா?" என்றான் மச்சான்.

அவர் மணியைக் கழற்றிப் பார்த்தார். மணிக்குள் பஞ்சு திணித்திருந்தது. எடுத்து முகர்ந்தார். ஸ்பிரிட் வாசனை. சர்க்கரை பார்க்க விரலைக் குத்தும் முன் மனைவி துடைத்துக்கொள்ளும் பஞ்சு.

ஆறு மாதமாக ஒரு பிஸ்கட்டை ஏறெடுத்தும் பாராதவள். நாளைய பரிசோதனையில் சர்க்கரை இறங்காவிட்டால் தினமும் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விரல் குத்தவே கண்ணை இறுக்கி மூடிக்கொள்பவள். அவள் மூக்குக்கு நேரே ஒரு நாள் முழுக்கப் பழ வாசனையை ஊதிவிட்டது இவருடைய காற்றாடிதான்.

அவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க குளிக்கப் போனப்போ ஒரே ஒரு கிண்ணம்தாங்க எடுத்தேன்."

"தட்டு அஞ்சும் காலியா இருக்கே."

"அஞ்சும் சேத்தே அவ்வளவுதான் இருந்துச்சு. எல்லாம் சுருங்கிப் போச்சுல்ல."

"சுருங்கினது தண்ணிடி. சர்க்கரை எங்க போகும்? பன்னெண்டு பழத்தையும் முழுங்கியிருக்கே."

"பன்னெண்டா?" அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மச்சானின் சிரிப்பு பாதியில் நின்றது.

பதினான்காம் மாடியில் ஒற்றைக் கயிற்றில் தொங்கியபடி டீ குடித்ததாகச் சொல்லிக்கொள்ளும் அந்தக் கைகளுக்கு, சர்க்கரை மீட்டரில் சோதனைப் பட்டையைச் செருக மூன்று தடவை முடியவில்லை. அவள் கண்ணை மூடி விரலை நீட்டினாள்.

"எவ்வளவு காட்டுதுங்க?"

"இரு. எறங்குது."

அளவைக் காட்டும் முன், ஐந்து, நான்கு, மூன்று என்று மீட்டரில் நொடி எண்கள் லிஃப்ட் போல இறங்கிக்கொண்டிருந்தன. அவருக்குப் பின்னால் காற்றாடி, காலித் தட்டுகளை அக்கறையாக உலர்த்திக்கொண்டிருந்தது.