மேற்கே பார்த்த படுக்கையறை

பெர்சிஸ் எந்த வீட்டுக்கும் முதலில் சுவர் வரைய மாட்டாள். காலி மனையில் நாற்காலி போட்டு நாள் முழுக்க உட்கார்ந்து, வெயில் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று குறித்துக்கொள்வாள். கோடிகளைக் கொட்டி வீடு கட்டிவிட்டுப் பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு ஏசிக்குள் அடைந்து கிடப்பவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜெயகரன் அவளைத் தேடி வந்தது இதற்காகத்தான். செகந்திராபாத் தமிழ்ச் சபையில் அவளை அவள் சிறுமியாக இருந்ததிலிருந்தே பார்த்தவர். மருந்துக் குப்பிகள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். வசதிக்குக் குறைவில்லை. மனைவி ரோஸ்லினுக்குத்தான் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வரும் வியாதி.

“ஆஸ்பத்திரி மாதிரி ரூம் நக்கோ மா, வேணவே வேணாம். உங்க ஆன்ட்டி படுத்த இடத்துலேர்ந்து வானம் தெரியணும். காத்து தானா வந்து போகணும். அவ்வளவுதான்” என்றார்.

கொண்டாப்பூரைத் தாண்டி அவர் வாங்கியிருந்த மனைக்கு மேற்கே பாறைகளும் சீத்தாப்பழப் புதர்களுமாகப் பெரிய வெட்டவெளி. அங்கே பூங்கா வரப்போகிறது என்று மனையை விற்றவன் சொல்லியிருந்தான். ஹைதராபாத்தில் மழைக்காலக் காற்று மேற்கிலிருந்துதான் வரும். படுக்கையறையை அந்தப் பக்கம் வைத்தாள். கட்டிலின் உயரத்துக்குத் தாழ்ந்த அகலமான ஜன்னல்கள். மாலை வெயில் முகத்தில் அடிக்காமலிருக்க நீண்ட கூரை. சூடான காற்று வெளியேற எதிர்ச்சுவரின் உச்சியில் திறப்புகள். சக்கர நாற்காலி தடுக்காத தரை. ஆக்சிஜன் மெஷினின் இரைச்சல் கேட்காதபடி அதற்குத் தனியாக ஓர் அலமாரி அறை. இத்தனை ஆசையாக அவள் எதையும் வரைந்ததில்லை.

பிளானை அனுமதிக்கு அனுப்பிய அன்று நகர வரைபடத்தை எதற்கோ திறந்து பார்த்தாள். மேற்கே பூங்கா இல்லை. அந்த நிலம் வணிகக் கட்டடங்களுக்கென்று குறிக்கப்பட்டிருந்தது. எத்தனை மாடி வேண்டுமானாலும் எழும்பலாம்.

ஜெயகரனிடம் சொன்னால் வீட்டையே திருப்பிப் போட வேண்டும். அந்த ஜன்னல்கள் போய்விடும். இப்போதைக்கு யார் கட்டப் போகிறார்கள், எப்படியும் பத்து வருஷம் ஆகும் என்று நினைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஆன்ட்டிக்குப் பத்து வருஷம் எங்கே இருக்கிறது என்றும் நினைத்தாள். கணினியை மூடிவிட்டாள்.

நவம்பரில் குடிவந்தார்கள். ரோஸ்லின் பகலெல்லாம் அந்தக் கட்டிலில் சாய்ந்து ஸ்வெட்டர் பின்னினாள். மெஷின் இல்லாமல் இரண்டு மணி நேரம் இருந்தாளென்று ஜெயகரன் போனில் அழுதார். பிப்ரவரியில் மேற்கே தகர வேலி போட்டார்கள். அடுத்த வாரம் பாறைக்கு வெடி வைத்தார்கள்.

வெள்ளைத் தூசி எழும்பி நேரே வீட்டுக்குள் வந்தது. காற்றை இழுக்கவென்றே கட்டிய அறை, தூசியையும் அதே வேகத்தில் இழுத்தது. ரோஸ்லினின் போர்வை மீது மாவு சலித்தது போலப் படிந்தது. ஜெயகரன் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். எல்லாம் முறைப்படி அனுமதி வாங்கிய வேலை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் பெர்சிஸே தச்சரைக் கூட்டிக்கொண்டு போய் ஜன்னல்களுக்குக் கனத்த பிளாஸ்டிக் தாள் அடித்து, விளிம்புகளில் டேப் ஒட்டினாள். உச்சித் திறப்புகளையும் அடைத்தாள். ஏசி மாட்டினார்கள். காலை பத்து மணிக்கு லைட் போட வேண்டியிருந்தது.

மார்ச்சில் ஒருநாள் ஜெயகரன் மருந்து வாங்கப் போயிருந்தார். ரோஸ்லின் மூக்கில் குழாயோடு பெர்சிஸைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா பெர்சிஸ்?”

பொய் சொல்லத்தான் வாயெடுத்தாள். முடியவில்லை. “தெரியும் ஆன்ட்டி. அவ்வளவு சீக்கிரம் கட்டமாட்டாங்கன்னு நெனச்சேன்.”

“அவங்க கட்ட நாளாகும்னு நெனச்சியா?” ரோஸ்லின் நின்று மூச்சு வாங்கினாள். “இல்ல, நான் அதுவரைக்கும் இருக்கமாட்டேன்னு நெனச்சியா?”

வெளியே வெடி வைக்கப்போகும் விசில் ஊதினார்கள்.

“ஹவ், ஆமா ஆன்ட்டி” என்றாள் பெர்சிஸ். “அதையும் நெனச்சேன்.”

ரோஸ்லின் திட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பெர்சிஸ் போனபோதெல்லாம் அவள் கண்ணை மூடியே இருந்தாள்.

ஜூன் முதல் வாரம் ஆஸ்பத்திரியில், ஜன்னலே இல்லாத தீவிர சிகிச்சைப் பிரிவில், ரோஸ்லின் இறந்துபோனாள். அடக்கத்தன்று ஜெயகரன் பெர்சிஸின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம், “என் பொஞ்சாதி கடைசியா சந்தோஷமா இருந்தது இந்தப் பிள்ளை கட்டின வீட்லதான்” என்றார். பெர்சிஸ் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்டில் ஜெயகரன் வீட்டை விற்க முடிவு செய்தார். “வீட்டோட அருமை உனக்குத்தான் தெரியும். நீயே வந்து எடுத்துச் சொல்லு மா” என்று கூப்பிட்டார். பார்க்க வந்தவர்கள் தண்டபாணியும் அவர் மனைவி பத்மப்ரியாவும். ஐடி வேலைக்காக ஈரோட்டிலிருந்து வந்தவர்கள். முற்றத்தில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பத்மப்ரியா நின்றுவிட்டாள். ஆறு மாதக் கர்ப்பம். படுக்கையறைக்கு வந்ததும், “இத ஏங்க அடைச்சு வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

தாளுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது மாடிக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இந்த ரூம்ல குழந்தையப் படுக்க வைக்காதீங்க” என்றாள் பெர்சிஸ். “மேற்கே என்ன வரும்னு எனக்கு வரையும்போதே தெரியும். தெரிஞ்சும் மறைச்சுட்டுத்தான் இந்த வீட்டக் கட்டினேன்.”

ஜெயகரன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தண்டபாணி மனைவியை மெதுவாக வெளியே கூட்டிப் போனார். கார் கிளம்பியது. ஜெயகரன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“ரோஸ்லினுக்குத் தெரியுமா?”

“தெரியும் அங்கிள்.”

“எப்போலேர்ந்து?”

“மார்ச்.”

அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். “மூணு மாசம்” என்றார். “மூணு மாசம் பக்கத்துலயே இருந்தேன். ஒரு வார்த்த சொல்லலியே எங்கிட்ட. ஏன் சொல்லல அவ, கைக்கு சொல்லல?”

பெர்சிஸ் அவர் தோளைத் தொடக் கை நீட்டினாள்.

“போ” என்றார் ஜெயகரன். போய்ட்டு வா என்று சொல்லவில்லை.