கனகியா என்கிற பேரினம்

ராமபத்ரன் வாழ்நாளெல்லாம் ஈ ஓட்டியவர் என்றால் அது கேலியில்லை. கல்லூரியில் அவருடைய உத்தியோகமே அதுதான். பட்டாள ஈ என்கிற ஒரு வகை ஈக்களைப் பிடித்து, தலையிலுள்ள கொம்பையும் இறக்கை நரம்பையும் பார்த்து, எது எந்தப் பேரினம் என்று பிரித்து வைப்பார். குப்பையில் பிறக்கும் ஜந்துவுக்கு இத்தனை குலம் கோத்திரமா என்று மட்டாஞ்சேரியில் சிரிக்காதவர் இல்லை. மனைவி கனகாம்பாள் மட்டும் சிரிக்காமல், ஒவ்வொரு ஈயையும் கோந்து தொட்டுக் காகித முனையில் ஒட்டிக் கொடுப்பாள்.

அவள் இறந்த பிறகு, பள்ளுருத்தி வாய்க்காலோரம் பிடித்த பழைய ஈ ஒன்று பெட்டியில் அகப்பட்டது. துடுப்பு மாதிரி தட்டையான கொம்பு. தெரிந்த எந்தப் பேரினத்திலும் அது அடங்கவில்லை. புதுப் பேரினம் என்று எழுதி, ‘கனகியா’ என்று பெயர் வைத்தார். ஈ ஆராய்ச்சிக்காரர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் மனிதர் துக்கத்தை விழுங்கிக்கொண்டிருந்தார்.

மகள் மாதுரிக்கும் அதே படிப்புதான். ஒரு மழைநாள் மத்தியானம் கனகியாவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தினாள்.

“அப்பா, இந்தக் கொம்பு இதோடதில்லையாக்கும். வேற ஈயோடது. அடியிலே கோந்து இருக்கு, பாருங்கோ.”

பார்த்தார். இருந்தது. பெட்டியில் உதிர்ந்து கிடந்த கொம்பைக் கனகாம்பாள் எடுத்து ஒட்டியிருக்கிறாள்; ஆள் மாறிவிட்டது.

“திருத்தம் எழுதணும்ப்பா. இது பழைய பேரினத்திலேயே சேர்ந்துடும். அம்மா பேரு போயிடும்.”

“அவசரப்படாதே. இதே மாதிரி இன்னொண்ணு கெடைச்சா பேரு நிக்கும்.”

வெறும் நப்பாசை. இல்லாத ஈ எங்கிருந்து வரும்?

மறுநாள் காலை வந்தது. பின்கட்டில், பட்டாள ஈயின் புழு வளரும் அடுக்களைக் கழிவு வாளியின் மூடிமேல் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. துடுப்புக் கொம்பு. கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, லென்ஸை வைத்தார். கொம்பின் அடியில் ஒரு துளி கோந்து. ஈ முன்காலால் கொம்பைத் துடைத்துக்கொண்டது, கொம்பு உதிரவில்லை.

டம்ளரை லேசாகத் தூக்கி ஊசி முனையால் தொட்டார். கோந்து நூலாக இழுத்தது. இன்னும் காயவில்லை.

ஈயைக் கொல்லும் மருந்துச் சீசா பக்கத்திலேயே இருந்தது. இதை ஊசியில் குத்திவிட்டால் கனகியாவை யாராலும் அசைக்க முடியாது. சீசாவுக்குக் கை நீட்டியபோது, வாளி மூடியின் இடுக்கிலிருந்து இன்னொரு ஈ தவழ்ந்து வந்தது. அதற்கு ஒரு துடுப்புக் கொம்புதான் இருந்தது.

பயந்தார், பயத்தைவிடச் சந்தோஷம்தான் தாங்கவில்லை. டம்ளரை எடுத்துவிட்டார்.

“அப்பா, அங்கே என்ன பண்றேள்?” என்று உள்ளேயிருந்து மாதுரி உரக்கக் கேட்டாள்.

“திருத்தத்தை அனுப்பிடு. பேரு போனாப் போகட்டும்.”

“ஏன்ப்பா, என்னாச்சு?” என்றபடி அவள் கதவருகே வந்தாள்.

“மெல்லப் பேசு,” என்றார். “அம்மா வேலையா இருக்கா.”